குருசாமி அண்ணாச்சி காரின் டேஷ்போர்டில் கேட்ட சத்தம்

குருசாமி அண்ணாச்சியின் காரைக் கொளுத்தப் பார்த்தது நீர்தான்.

உமது பெயரைப் போட வேண்டாம் என்று நம் வண்டி ரிப்பேர்த் தொழில் சங்க மலரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை. கார் ஆக்சஸரிஸ் கடை வைத்திருக்கிறவர், டச் ஸ்கிரீன் மாட்டுவதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். இவ்வளவு சொன்னால் உமக்குப் புரியும். நீர் பெட்ரோல் ஊற்றவில்லை, நெருப்பும் வைக்கவில்லை. சத்தத்தை நிறுத்தித் தந்தீர். அவ்வளவுதான் செய்தீர். அந்தக் காரில் ஒரு கைக்குழந்தை ஓசூர் வரைக்கும் போக இருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கிற மாதிரி அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று மலருக்குக் கேட்டார்கள். எனக்கு நயமாக எழுத வராது. கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் ஷெட் வைத்து முடி நரைத்தவன் நான். வயரும் டெஸ்ட் லேம்ப்பும்தான் என் படிப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழை பெய்த கார்

டேஷ்போர்டுக்குள் சத்தம் என்று வண்டி வந்தால் முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள். வண்டியை வைத்து என்ன செய்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கருப்புக் கலர் கார். மகன் வாங்கிக் கொடுத்தது.

"அண்ணாச்சி, ஏசியப் போட்டா உள்ள மழ பெய்யுது."

"தண்ணி ஒழுகுதா?"

"தண்ணி இல்ல. சத்தம் மட்டும். தகரக் கொட்டாய்ல மழ பெய்யுத மாதிரி. வெளிய ஒரு சொட்டு இல்ல, என் காருக்குள்ள மட்டும் அட மழ."

வேறு ஓர் இடத்தில் புளோயரை மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புளோயர் என்றால் ஏசிக் காற்றை உள்ளே தள்ளுகிற மோட்டாரும் விசிறியும். இடது பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். நான் அதைத் தொடவில்லை.

"வண்டி எங்க நிக்குது?"

"களத்துல."

"மேல என்னத்தையும் காயப் போடுதீங்களா?"

மனிதர் கொஞ்சம் நெளிந்தார். "பேனட்ல கொஞ்சம் உளுந்து. சும்மாதான நிக்குது. கருப்புக் கலரா, நல்லா சூடேறும். ஒரே நாள்ல சுக்கா காஞ்சிருது."

முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போவதற்குச் சல்லடை மாதிரி வழி இருக்கும். அது வழியாக உளுந்து உருண்டு புளோயருக்குள் இறங்கியிருக்கிறது. விசிறி சுற்றும்போது உளுந்தும் சுற்றும், அதுதான் மழை. புளோயரைக் கழற்றிக் கவிழ்த்தேன். கை நிறைய வந்தது. அவர் துண்டை விரித்து ஒரு மணி விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அதப் போய் எதுக்கு?"

"ஆட்டுனா இட்லிக்கு ஆகும்லா. ஏசில வச்ச உளுந்து, புளிக்காது."

சிரித்துக்கொண்டே போனார். எல்லாச் சத்தமும் இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. இதை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த காரிலும் நான் முதலில் உளுந்தைத்தான் நினைத்தேன்.

குச்சி சொருகச் சொன்னவர்

குருசாமி அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் ஃபாக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இந்தக் கோடையில் ஒரு நாள் காலை காரைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்தி ஹாரனை அடித்தார். பின் சீட்டில் அவர் மகள் ரேவதி. பிரசவத்துக்கு ஓசூரிலிருந்து வந்த பிள்ளை. குழந்தைக்கு மூன்று மாதம்.

"பரமசிவம், பத்து நிமிசத்துல விடணும். நாளைக்குக் காலைல பிள்ளைகள அனுப்புதோம், நேரம் குறிச்சாச்சு. இந்தக் கலகலங்குத சத்தம் மட்டும் நிக்கணும்."

"எங்கன கேக்குது?"

"குளோவ் பாக்ஸ்கிட்ட. பள்ளத்துல எறங்குனா கலகலங்குது. பேத்தி முழிச்சிருதா. அவ முழிச்சா வண்டில ஒருத்தரும் கண்ண மூட முடியாது."

"முன்னாடியே இருந்த சத்தமா?"

"டச் ஸ்கிரீன் மாட்டுன அன்னைக்கு கிர்ருன்னு ஒரு சத்தம் இருந்துது. மாட்டுனவரே அங்கனயே நிப்பாட்டித் தந்துட்டாரு. இது வேற சத்தம், இப்பத்தான் ஒரு மாசமா."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்துக் குச்சியை எடுத்து நீட்டினார். மருந்து முக்காத வெறும் தீக்குச்சி. "சாமானும் நானே கொண்டாந்துட்டேன். ரெண்டச் சொருகி அனுப்பும்."

எங்கள் ஊர் வைத்தியம் இது. ஆடுகிற மேஜை, கலகலக்கிற ஜன்னல், தடதடக்கிற டேஷ்போர்டு எதுவானாலும் இரண்டு வெறும் குச்சியை இடுக்கில் சொருகுவோம். கோவில்பட்டிக் கார்களைக் கழற்றினால் பாதிக் கார்களில் குச்சி உதிரும். நானும் சொருகுகிறவன்தான். ஆனால் எது எதோடு இடிக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சொருகுவேன்.

"எடம் தெரியாம சொருக மாட்டேன் அண்ணாச்சி."

"நீரு என்ன டாக்டரா? ஸ்கேன் எடுத்தாத்தான் மாத்திர தருவீரோ?"

"டாக்டரா இருந்தா இந்நேரம் டோக்கன் குடுத்து வெளிய உக்கார வச்சிருப்பேன். நீங்களே ஓட்டுங்க. நான் இடது பக்கம் இருந்து கேக்கேன்."

பின் சீட்டில் ரேவதி சிரித்தாள். அவருக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் வண்டியை எடுத்தார்.

நான் காதை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசினால் கிரீச் என்று இழுக்கும். ஸ்க்ரூ லூஸாக இருந்தால் டொக் டொக் என்று ஒற்றையாக இடிக்கும். வயர் அடித்தால் மந்தமாகத் தட்டும். இது அந்த மூன்றிலும் சேரவில்லை. சின்னச் சின்னதாக நிறையச் சாமான் ஒன்றாகக் குலுங்குகிற மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, பேனட்ல உளுந்து ஏதும் காயப் போட்டீங்களா?"

"தீப்பெட்டி ஆபீஸ்காரன் எதுக்குவே உளுந்து காயப் போடுதேன்? வெயில் ஒமக்கு மண்டைல ஏறிட்டு."

அப்போதுதான் ரேவதி பேசினாள்.

"மாமா, சத்தத்த விடுங்க. ஒரு வாடை வருது. அப்பாட்ட நாலு நாளாச் சொல்லுதேன், கேக்கவே மாட்டேங்காவ."

"என்ன வாடைம்மா?"

"வயரு பொசுங்குத மாதிரி. அதோட மருந்து வாடையும் சேந்து."

குருசாமி அண்ணாச்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "ஏட்டி, ஒங்கப்பன் தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கான். அவன் கார்ல மருந்து வாடை வராம மல்லியப்பூ வாடையா வரும்? ஓசூருக்குப் போனதுல இருந்து இவளுக்கு மூக்கு நீண்டுட்டு."

இந்தத் தவறை எங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் செய்ய முடியும். வேறு எந்த ஊரிலாவது காருக்குள் தீக்குச்சி மருந்து வாடை அடித்தால் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடுவார்கள். எங்களுக்கு அது ஆபீஸ் போய் வந்தவர் சட்டை வாடை, சாமான் ஏற்றிய வண்டி வாடை. நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஊரை விட்டுப் போய் இருந்துவிட்டு வந்த அந்தப் பெண்ணுக்குத்தான் தெரிந்தது.

"எப்பம் வருதும்மா? எப்பவுமா?"

"ஃபேன ஒண்ணு, ரெண்டுல வச்சாத்தான் மாமா. நாலுல வச்சா வரல. பிள்ள மூஞ்சில காத்து அடிக்கக் கூடாதுன்னு நாங்க ஒண்ணுலயேதான் வச்சிருக்கோம்."

"அண்ணாச்சி, ஏசிய அமத்துங்க. வண்டியத் திருப்புங்க."

"இப்பம் என்னவே?"

"திருப்புங்கன்னா திருப்புங்க."

படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தை நிறுத்திச் சொல்கிறேன். இந்த மாதிரிக் கார்களில் புளோயரின் வேகத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் உண்டு. ஃபேனை நாலில் வைத்தால் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகும், ரெசிஸ்டருக்கு வேலை இல்லை. ஒன்றிலும் இரண்டிலும் வைத்தால் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும், அது சூடாகும். காற்று அடைபட்டால் இன்னும் சூடாகும். அதன் கனெக்டர் உருகும். குறைந்த வேகத்தில் மட்டும் பொசுங்கல் வாடை வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். மறுநாள் குழந்தையை வைத்துக்கொண்டு ஓசூர் வரை ஃபேனை ஒன்றிலேயே வைத்துத்தான் போகப் போகிறார்கள்.

பெட்டி பேசியது

வாடைக்கு இடம் தெரிந்துவிட்டது. சத்தம் என்ன என்று இன்னும் தெரியவில்லை. ஷெட்டில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொன்னேன். பாட்டையும் அணைக்கச் சொன்னேன். பக்கத்து லேத்துக்காரரிடம் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். முறைத்துக்கொண்டே நிறுத்தினார். குளோவ் பாக்ஸுக்கு மேலே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன்.

கலகல.

வெளியே நின்று, ஒரு குச்சி சொருகத் துப்பில்லை, ஊரெல்லாம் சுத்திக்கிட்டு வாராரு என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த குருசாமி அண்ணாச்சி பேச்சை நிறுத்தினார். கதவில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"இன்னொரு தட்டுத் தட்டும்."

தட்டினேன்.

"வே பரமசிவம். இது பெட்டி."

"என்ன பெட்டி?"

"தீப்பெட்டிவே. குச்சி கொறஞ்ச பெட்டி. நெறஞ்ச பெட்டி இப்பிடிப் பேசாது."

பெட்டியைக் காதருகே குலுக்கிப் பார்த்தே குச்சி குறைவா சரியா என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். ஓடுகிற வண்டியில், இன்ஜின் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் அவர் காதுக்கே அது எட்டவில்லை. எல்லாம் அடங்கின பிறகு ஒரே தட்டில் சொல்லிவிட்டார்.

குளோவ் பாக்ஸைக் கழற்றி லைட்டை அடித்தேன். அவர் ஆபீஸ் லேபிளே எங்களைப் பார்த்தது.

தாள் சுற்றிய இரண்டு பண்டல் தீப்பெட்டிகள். புளோயர் கூட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரித் திணித்து, வயர்க் கட்டோடு சேர்த்துக் கருப்பு டேப் சுற்றியிருந்தது. ஆடி ஆடித் தாள் கிழிந்து பெட்டிகள் திறந்து, குச்சிகள் கீழே உதிர்ந்து கிடந்தன. மிச்சக் குச்சிகள்தான் பெட்டிக்குள் கலகலத்தன. கீழ்ப் பண்டல் சரிந்து ரெசிஸ்டர் கனெக்டரில் சாய்ந்திருந்தது. கனெக்டர் உருகி நெளிந்திருந்தது. அதைத் தொட்ட தாள், கல்லில் கூடுதலாக விட்ட தோசை மாதிரிச் சிவந்திருந்தது. ஒரு பெட்டியின் மூலை கருகிவிட்டது. அதற்கு அடுத்ததாக மருந்துத் தலைகள் வரிசையாக இருந்தன.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். பிறகு டேப்பை அறுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஷெட்டுக்கு வெளியே வைத்தேன். உதிர்ந்த குச்சிகளையும் பொறுக்கினேன். லேத்துக்காரர்கூட மெஷினைப் போடாமல் வந்து நின்றார்.

குருசாமி அண்ணாச்சி கருகின பெட்டியை எடுத்தார். திறந்தார், மூடினார். "நம்ம பெட்டிலா," என்றார். "சாம்பிளுக்குன்னு குளோவ் பாக்ஸ்ல ரெண்டு பண்டல் போட்டு வச்சிருந்தேன். யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாவன்னுலா நெனச்சேன்."

ரேவதி கீழே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து இருந்தது.

"அவ முழிச்சு முழிச்சு அழுததுக்கு நான் ஏசுனேன் மாமா. அவ நல்லாத் தூங்கியிருந்தா இந்த வண்டிய இங்கன கொண்டாந்தே இருக்க மாட்டோம்."

"என் பேத்தி சூப்பர்வைசர்ட்டி," என்றார் குருசாமி அண்ணாச்சி. "சரக்குல கொற இருந்தா விடுவாளா?" சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். பிறகு என்னிடம் வந்து, "ஒங்கம்மாட்ட சொல்லிராதவே," என்றார். மகளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார். அந்த அளவுக்கு ஆடிப்போயிருந்தார்.

அதன் பிறகு அவர் அவசரப்படுத்தவில்லை. புது ரெசிஸ்டரும் கனெக்டரும் போட்டேன். உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரை உருவினேன். ஊர் நூல் மில்களின் பஞ்சும் கரிசல் புழுதியும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைந்திருந்தது. காற்று போகாமல் ரெசிஸ்டர் கொதித்ததற்கு அதுதான் காரணம். ஃபியூஸ் சரியான அளவுதானா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. ஃபேனை ஒன்றில் வைத்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஓடவிட்டு, கனெக்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பழைய கிர்ர் சத்தம். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. டச் ஸ்கிரீன் மாட்டக் கழற்றிய பிராக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ இல்லை. ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைத் திரும்ப மாட்டச் சோம்பல்பட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்துத் திணித்திருக்கிறீர். நான் ஸ்க்ரூவை மாட்டினேன். தட்டினேன். சத்தம் இல்லை. குச்சிக்கு வேலையே இல்லை.

குருசாமி அண்ணாச்சி தான் கொண்டுவந்த குச்சிக் கொத்தை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஸ்கேன் எடுத்தது நல்லதாப் போச்சு," என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரிடம் அது பெரிய மன்னிப்பு.

மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. என் வேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் போன் அடித்தால் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். சாயங்காலம் ரேவதி ஓசூரிலிருந்து பேசினாள்.

"வந்து சேந்துட்டோம் மாமா. பிள்ள வழி முழுக்கத் தூக்கம். நாங்கதான் மாறி மாறி மோந்து பாத்துக்கிட்டே வந்தோம்."

போனை வைத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

உமது மூன்று பதில்கள்

வயிறு நிறைந்ததும் கோபம் வந்தது. உமது கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும்.

"எல்லாரும் எதையாவது வச்சுத்தான அண்ணாச்சி அடைக்கோம்? நீரு குச்சி சொருகலையா?" என்றீர்.

"வெறும் குச்சி சொருகுனேன். மருந்து முக்குன குச்சிய எவன்வே சொருகுவான்?"

"காலிப் பெட்டின்னு நெனச்சேன்."

"தூக்குனா கனம் தெரியாதா? இந்த ஊர்லதான பொறந்தீரு?"

"கஸ்டமர் நிக்காவ. பொறவு வாங்க."

எனக்குச் சொன்னது இது. குருசாமி அண்ணாச்சியிடம், பண்டல் தானாகப் பின்னால் விழுந்திருக்கும் என்றீர். தானாக விழுந்த பண்டல் தனக்குத் தானே டேப் சுற்றிக்கொள்ளுமா? பிறகு டீக்கடையில், பரமசிவமே வைத்து எடுத்து நாடகம் போட்டிருப்பான் என்றீர். மூன்று பேரிடம் மூன்று பதில். மூன்றில் எது உமது பதில்?

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சத்தம் ஒரு புகார். புகார் செய்கிற வாயைப் பொத்துவது ரிப்பேர் ஆகாது. இடத்தைக் கண்டுபிடியுங்கள், கழற்றிய ஸ்க்ரூவை மாட்டுங்கள், அதற்குப் பிறகு அடைக்க வேண்டியிருந்தால் அடையுங்கள். வண்டிக்காரர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். பின் சீட்டில் இருப்பவர் சொல்வதையும் கேளுங்கள். வாடை பழகிப்போன மூக்கை நம்பாதீர்கள், அது உங்கள் மூக்காக இருந்தாலும்.

இனி உமக்கு. அந்தக் குழந்தை ஓசூரில் சுகமாக இருக்கிறது. அதனால்தான் நான் இதை இவ்வளவு அமைதியாக எழுதுகிறேன். ஆனால் அந்த டேப் சுற்றிய கை புதுக் கை இல்லை. பழகின கை. குளோவ் பாக்ஸில் சாம்பிள் பண்டல் போட்டு வைக்காத தீப்பெட்டிக்காரர் இந்த ஊரில் யார்? அவர்களில் எத்தனை பேர் உம்மிடம் டச் ஸ்கிரீன் மாட்டியிருக்கிறார்கள்?

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வாரும். நானும் வருகிறேன், குருசாமி அண்ணாச்சி கருகின பெட்டியோடு வருகிறார். என்னைப் பற்றி டீக்கடையில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளும், எனக்குக் கவலை இல்லை. திறந்து பார்க்க வேண்டிய கார்களை நானே கூலி வாங்காமல் திறந்து தருகிறேன். நீர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லும்.

இன்னும் எந்தெந்தக் கார்களில் வைத்திருக்கிறீர்?